ஆட்கள் வருமுன் அடுப்பை அணைத்துவிடுங்கள்: சிங்கப்பூர் வெயிலில் ஒரு விருந்து

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டார், அதே புளோக்கில் இருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பம் என்று நாலு பேர் பழக்கமாகியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடலாம் என்று தோன்றும். கூப்பிடுங்கள். இந்த ஊரில் உறவு வளர்வது அப்படித்தான். ஆனால் ஊரில் செய்கிற மாதிரி கடைசி நிமிடம்வரை வடை சுட்டுக்கொண்டும் பூரி பொரித்துக்கொண்டும் நின்றால், வந்தவர்களோடு உட்கார்ந்து பேசவே முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சின்ன சமையலறையில் ஒரு மணி நேரம் எண்ணெய் காய்ந்தால் கூடம் முழுக்க வெக்கை ஏறிவிடும். வாடகைக்கு அறை எடுத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ‘லைட் குக்கிங்’ மட்டும்தான் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருப்பார். பொரிப்பதற்கு அங்கே வழியே இல்லை.

அதனால் நான் பல வருடங்களாகக் கடைப்பிடிப்பது ஒரே ஒரு விதி: முதல் விருந்தாளி மணியை அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் பண்டங்களையும் பானங்களையும்தான் இங்கே சொல்லப்போகிறேன். எல்லா அளவும் சுமார் 10 பேருக்கு.

எந்த மாதம், எந்த நேரம்

இங்கே தனியாகக் கோடைக்காலம் கிடையாது. நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரு பாகை வடக்கில் இருக்கிறோம். வருடம் முழுக்க மதிய வெப்பம் 31, 32 பாகை செல்சியஸைத் தொடும். இருந்தாலும் ஏப்ரல், மே மாதங்களில் காற்று நின்றுபோய்ப் புழுக்கம் கூடும். இங்கே பதிவான உச்ச வெப்பநிலை 37 பாகை. 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும் அது பதிவானது. எண்ணைப் பார்த்துவிட்டு, திருச்சியிலும் மதுரையிலும் 40 பார்த்த நமக்கு இது பெரிதா என்று நினைக்காதீர்கள். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் சட்டை நனையும். தண்ணீரோடு உப்பும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இந்த ஊர் விருந்தில் சாப்பாட்டுக்கு முன்னால் பானத்தைத் திட்டமிடுங்கள்.

மதியம் 12 மணிக்குக் கூப்பிடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒரு மணிக்குத்தான். ஒன்றிலிருந்து நான்குவரை வெக்கை உச்சத்தில் இருக்கும், ஏப்ரல் மே என்றால் அந்த நேரத்தில்தான் இடியுடன் மழையும் கொட்டும். மாலை 5 மணிக்குக் கூப்பிடுங்கள். எந்த மாதமானாலும் ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாயும் என்பதால் பிள்ளைகள் கீழே விளையாடவும் நேரம் இருக்கும். இரவு 10 மணிக்குள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஜூன் மாதம் பள்ளி விடுமுறை, குடும்பங்களுக்கு வசதியான காலம். ஆனால் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூப்பிடும்போதே கேட்க வேண்டியவை

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த ஊரில் எல்லாரும் கேட்பார்கள், கேட்பதை மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். முஸ்லிம் நண்பர்கள் வந்தால் இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். சமைக்கும் பாத்திரத்தைப் பற்றியும் சிலருக்குத் தயக்கம் இருக்கும். அப்போது முழுச் சைவமாகச் செய்துவிடுவதே எல்லாருக்கும் நிம்மதி, ஜெலட்டின் போன்றவை கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீன நண்பர்களில் பௌத்த முறைப்படி சைவம் சாப்பிடுபவர்கள் பலர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. நம்மவர்களிலும் மாட்டிறைச்சி தொடாதவர்கள், வெள்ளிக்கிழமை அசைவம் தொடாதவர்கள் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யாராவது வருகிறார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன்

லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா ஈரச்சந்தைக்குக் காலையிலேயே போய்விட்டால் கறிவேப்பிலை, மாங்காய், கொத்தமல்லி, வாழை இலை எல்லாம் ஒரே நடையில் முடியும். எதிரே பஃபலோ சாலைக் கடைகளிலும் காய்கறி கிடைக்கும். பருப்பு, பெருங்காயம், சப்ஜா விதை போன்றவை முஸ்தஃபா கடைத்தொகுதியில் நள்ளிரவிலும் வாங்கலாம். மணத்துக்குப் போடும் பாண்டான் இலை, கூலா மெலாக்கா எனப்படும் தென்னை வெல்லம், கஸ்தூரி எலுமிச்சை எனப்படும் சின்ன எலுமிச்சை ஆகியவற்றுக்குக் கேலாங் சிராய் சந்தை நல்லது. பக்கத்துப் பேரங்காடியிலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பை எடுத்துக்கொண்டு போங்கள். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகள் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்குகின்றன.

கூலா மெலாக்கா வாங்கும்போது உறையில் உள்ள பொருட்பட்டியலைப் பாருங்கள். சிலவற்றில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கும். தயிர் வாங்கும்போதும் கவனம் வேண்டும், இனிப்பு சேர்த்ததும் அதே அலமாரியில்தான் இருக்கும். நான் இந்தியக் கடைகளில் விற்கும் கெட்டித் தயிரைத்தான் வாங்குகிறேன். ஊரிலிருந்து மிக்சி கொண்டுவந்திருந்தால் மின்னழுத்தம் பொருந்தும், ஆனால் இங்குள்ள பிளக் மூன்று சதுர முனை கொண்டது. மாற்றுச் செருகியை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் கட்டி வீட்டு ஃபிரிஜில் உறையவைத்தால் போதாது. 10 பேருக்கு 4 முதல் 5 கிலோ வேண்டும். பெட்ரோல் நிலையத்திலும் 24 மணி நேரக் கடைகளிலும் மூட்டையாகக் கிடைக்கும். அதைக் கடைசியாக வாங்குங்கள்.

பானங்கள்

முதலில் மூன்று பொதுக் குறிப்புகள்.

குழாய்த் தண்ணீரை இங்கே அப்படியே குடிக்கலாம், காய்ச்சி ஆறவைக்கும் வேலை மிச்சம்.

இரண்டாவது, சர்க்கரை. கடையில் விற்கும் பானங்களில் ஏ, பி, சி, டி என்று நியூட்ரி-கிரேட் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 2022 டிசம்பர் இறுதியில் புட்டிப் பானங்களுக்கு வந்தது, ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை போனால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. வீட்டிலும் இதையே கணக்காக வைத்துக்கொள்ளலாம்: ஒரு லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை. முதல் மடக்கில் இனிப்பு குறைவாகத் தெரியும். இரண்டாவது குவளையை இன்னும் விருப்பத்தோடு கேட்பார்கள். அதிக இனிப்பு தாகத்தைக் கூட்டத்தான் செய்யும்.

மூன்றாவது, பானத்தை முதல் நாள் இரவே ஃபிரிஜில் வைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான பானத்தில் ஐஸ் போட்டுக் குளிரவைக்கப் பார்த்தால் பாதி தண்ணீர்தான் குடிப்பார்கள். பானகத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் போட்டால் கரையக் கரைய ருசி குறையாது.

நீர்மோர். அரை கிலோ தயிரை நன்றாகக் கடைந்து 2 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் சேர்க்கவும். ஒரு விரல் நீள இஞ்சி, 2 பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்துக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து வடிகட்டவும். 2 தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி பெருங்காயம், அரை எலுமிச்சை. வடிகட்டாமல் விட்டால் மிளகாய்த் துணுக்கு பிள்ளைகள் தொண்டையில் சிக்கும். சீன, மலாய் நண்பர்களுக்கு முதல் குவளையைத் தரும்போது இது உப்பும் காரமும் சேர்ந்த தயிர்ப் பானம் என்று சொல்லிவிடுங்கள். இனிப்பை எதிர்பார்த்து வாய் வைப்பவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருக்கும். தெரிந்து குடித்தவர்கள் செய்முறை கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

பானகம். இதைத்தான் நான் மிகவும் விரும்பிச் செய்கிறேன். வெல்லத்துக்குப் பதில் கூலா மெலாக்கா போட்டுப் பாருங்கள், புகை கலந்த மாதிரி ஓர் ஆழமான மணம் வரும். 100 கிராம் கூலா மெலாக்காவைச் சீவி ஒரு குவளை சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 2 லிட்டர் ஆக்குங்கள். ஒரு தேக்கரண்டி சுக்குப் பொடி, அரைத் தேக்கரண்டி ஏலக்காய், 3 எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. துளசி கிடைத்தால் நாலு இலை. எலுமிச்சையைக் கரைசல் ஆறிய பிறகே பிழியுங்கள். சுக்கு அடியில் தங்கும், ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் கலக்க வேண்டும்.

கஸ்தூரி எலுமிச்சையும் அசாம் போயும். அசாம் போய் என்பது உப்பில் ஊறி உலர்ந்த சிறு பிளம் பழம், காப்பிக்கடை எலுமிச்சைப் பானத்தின் அடியில் சுருங்கிக் கிடக்குமே அதுதான். அதில் 6 எடுத்து, 100 கிராம் சர்க்கரையும் 2 குவளை தண்ணீரும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறிய பின் 30 கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து, மொத்தம் 2 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பழத்தில் உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம். பிழியும்போது வடிகட்டியின் மேல் பிழியுங்கள். விதை நசுங்கினால் கசக்கும்.

பாண்டோங். பிள்ளைகளுக்கு இதுதான். ரோஜா சிரப் 120 மில்லி, தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், ஒரு டின் இனிப்பில்லாத கெட்டிப்பால், அவ்வளவே. டின் வாங்கும்போதுதான் பலர் தவறுவார்கள். காப்பிக்கடையில் தேநீருக்கு வெறுமனே ‘தே’ என்று கேட்டால் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றுவார்கள், ‘தே சி’ என்றால் சர்க்கரை இல்லாத கெட்டிப்பால். உங்களுக்கு வேண்டியது ‘சி’ பால். எலுமிச்சைச் சாறு கலந்த கரண்டியை இதில் விட்டுவிடாதீர்கள், பால் திரிந்துவிடும்.

தர்பூசணி மலிவாகக் கிடைக்கும் நாளில் அதை அரைத்து வடிகட்டி, கால் மணி நேரம் ஊறவைத்த சப்ஜா விதை இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் போதும், சர்க்கரையே வேண்டாம். மலாய்க்காரர்களும் இந்த விதையைப் பானங்களில் போடுவார்கள், ‘பிஜி செலாசே’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பார்லித் தண்ணீர் செய்வதானால் 100 கிராம் பார்லியை 2 லிட்டர் தண்ணீரில், முடிச்சுப் போட்ட 3 பாண்டான் இலையோடு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அடுப்பு நேரம் அதிகம் என்பதால் முதல் நாள் இரவு செய்துகொள்ளுங்கள்.

நான்கு பானம் எல்லாம் வேண்டாம். உப்பில் ஒன்று, இனிப்பில் ஒன்று, வெறும் தண்ணீர் ஒரு பெரிய கூஜா. போதும்.

அடுப்பே இல்லாத பண்டங்கள்

ராமநவமிக்கு நீர்மோர், பானகம், வடைப்பருப்பு மூன்றும் படைத்து வருபவர்களுக்கெல்லாம் கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஏற்ற விருந்தை நம் வீட்டுப் பெரியவர்கள் எப்போதோ வகுத்துவைத்துவிட்டார்கள். உப்பு, புளிப்பு, நீர், பருப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அடுப்பு மட்டும் இல்லை. அறை வாடகையில் இருப்பவர்கள் இந்த மூன்றை வைத்தே 10 பேரை மகிழ்ச்சியாக அனுப்பிவைக்கலாம்.

வடைப்பருப்பு அல்லது கோசுமல்லி செய்ய, 250 கிராம் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் நன்றாக நீர் வடியவிடுங்கள். 2 வெள்ளரிக்காய், ஒரு காரட், அரை மாங்காய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தனித்தனி டப்பாவில் ஃபிரிஜில் வையுங்கள். பரிமாறப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து, பச்சை மிளகாய், எலுமிச்சை, கொத்தமல்லி, கடைசியாக உப்பு. உப்பை முன்னாலேயே போட்டால் வெள்ளரி நீர் விட்டுக் குளமாகிவிடும். கடுகு தாளித்தால் மணம்தான், தாளிக்காவிட்டாலும் குறை இல்லை. தேங்காய்த் துருவலை நான் சேர்ப்பதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

இன்னொன்று, ரோஜாக் மாதிரியான ஒரு பழக்கலவை. கடையில் விற்கும் ரோஜாக்கில் இறால் விழுது இருக்கும், சைவர்களுக்கு ஆகாது. வீட்டில் புளியை வைத்துச் சமாளிக்கலாம். அன்னாசி, மாங்காய், கொய்யா, வெள்ளரி, ‘பங்குவாங்’ எனப்படும் வெள்ளைக் கிழங்கு எல்லாவற்றையும் ஒரு வாய் அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். பங்குவாங்கைப் பச்சையாகவே சாப்பிடலாம், நறுக்நறுக்கென்று நீர் விட்டு இனிக்கும், தோலை மட்டும் நன்றாக உரித்துவிட வேண்டும். கெட்டிப் புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, சீவிய கூலா மெலாக்கா 3 மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஆகியவற்றைக் குழைத்து வையுங்கள். சாப்பிடும் நேரத்தில் புரட்டி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு குவளை தூவுங்கள். ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் கடலை தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு, மேசையின் மறு முனையில்.

முறுக்கும் அப்பளமும் ஆள் வந்த பிறகே பிரியுங்கள். இங்குள்ள காற்றில் அரை மணி நேரத்தில் நமுத்துப்போகும்.

சோறு: இங்கேதான் கவனம் தேவை

வந்த முதல் ஜூன் மாதம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் எடுத்துப்போனேன். காலை 9 மணிக்கு அரைத்த சட்னி. ஒரு மணிக்கு மூடியைத் திறந்தபோது கூட வந்திருந்த அக்கா ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, “தம்பி, இதைப் பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க” என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். மேலே லேசாக நுரை கட்டியிருந்தது. அன்று அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அதிலிருந்து வெளியே எடுத்துப்போகும் எதிலும் பச்சைத் தேங்காய் சேர்ப்பதில்லை.

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். நம் கூடத்து 31 பாகை அதற்கு நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சூடாக வைப்பதை 60 பாகைக்கு மேலும், குளிராக வைப்பதை 5 பாகைக்குக் கீழும் வையுங்கள். சமைத்து வெளியே வைத்ததை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சமைத்து முடித்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடிமேல் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே குக்கரில் மூடிவைத்து ஆறவைக்காதீர்கள். அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்துச் சீக்கிரம் ஆற்றுங்கள். உடனே பரிமாறாவிட்டால் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிஜுக்குள் போய்விட வேண்டும்.

வீட்டில் விருந்து என்றால் தயிர்சாதம். 3 குவளை பச்சரிசியை 10 குவளை தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு மத்தால் மசிக்கவும். வெதுவெதுப்பானதும் காய்ச்சி ஆறவைத்த பால் 3 குவளை. நன்கு ஆறியதும் தயிர் ஒன்றரைக் குவளை, உப்பு. பால் கூடுதலாகவும் தயிர் குறைவாகவும் இருந்தால் பரிமாறும்வரை புளிக்காது, இறுகவும் இறுகாது. கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மாதுளை முத்து, கறுப்புத் திராட்சை, துருவிய மாங்காய் மூன்றையும் மேலே தூவி ஃபிரிஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் வைத்து எல்லாரும் கரண்டி விடுவதைவிடச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம், மீதி குளிர்ச்சியிலேயே இருக்கும்.

பூங்காவுக்குப் போவதானால் தயிர்சாதத்தை வீட்டில் விட்டுவிட்டுப் புளியோதரை கட்டுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது புதிதில்லை. புளிப்பும் நல்லெண்ணெயும் மஞ்சளும் உப்பும் சோற்றைக் காப்பாற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சுங்கள். வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும் கடைசியில். இந்தப் புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னாலேயே செய்து ஃபிரிஜில் வைக்கலாம். அன்று காலையில் 750 கிராம் அரிசி வடித்து, ஆற்றி, கலந்தால் வேலை முடிந்தது. அதற்காக 4 மணி நேரக் கணக்கை மறந்துவிட வேண்டாம். ஊரில் இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டோம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஈரக்காற்றில் நான் அந்தத் துணிச்சலுக்குப் போவதில்லை.

கடல்பாசி: வெயிலில் உருகாத இனிப்பு

இனிப்புக்குப் பாயசம் வேண்டாம். கடல்பாசி, அதாவது அகார் அகார் செய்யுங்கள். ஜெலட்டின் இந்த வெக்கையில் உருகிவிடும். கடல்பாசி 40 பாகைக்குக் கீழே வந்தாலே இறுகத் தொடங்கும், ஒருமுறை இறுகினால் ஏறக்குறைய 85 பாகைவரை உருகாது. அதாவது சமையலறை மேடையிலேயே உறையும், மேசையில் வைத்தால் அசையாமல் நிற்கும். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, இது கடற்பாசியிலிருந்து வருவது. சைவம், ஹலால் இரண்டு கேள்வியும் ஒன்றாகத் தீர்ந்துவிடுகிறது.

என் வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் பாண்டான் செடி, எதிர்வீட்டு மலாய் அம்மா கொடுத்த கன்று. மக்சிக் (மலாயில் ‘ஆன்ட்டி’) என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். “வாரத்துக்கு ஒருமுறை இலை கிள்ளு, அப்போதுதான் தழைக்கும்” என்று மலாயில் சொல்லிக்கொடுத்தார். அவர் காட்டிய முறைதான் இது.

10 கிராம் கடல்பாசித் தூளை ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கலக்கி, அதன்பிறகு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் தூளைக் கொட்டினால் கட்டிகட்டியாகிவிடும். முடிச்சுப் போட்ட 4 பாண்டான் இலையையும் 100 கிராம் சர்க்கரையையும் சேர்த்து, கிண்டிக்கொண்டே மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் பின்புறம் மணல்மணலாக எதுவும் ஒட்டாமல் இருந்தால் கரைந்துவிட்டது. இலையை எடுத்துவிட்டு, 200 மில்லி தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் ஊற்றி, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். உடனே தட்டில் ஊற்றினால் ஆறும்போது தேங்காய்ப்பால் மேலே வெள்ளைப் படலமாகப் பிரிந்து அடியில் தெளிவாக நிற்கும். வேண்டுமென்றே செய்த இரட்டை அடுக்கு மாதிரி அழகாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும், பிறகு குளிரவைத்துத் துண்டு போடுங்கள். தூளின் வீரியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உறையில் சொன்ன நீரளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு என்றால் தேங்காய்ப்பாலை விட்டுவிட்டு அதே அளவு இளநீர் ஊற்றுங்கள்.

பூங்காவில் சுடுவதானால்

ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் பார்பிக்யூ சுடுகுழிகள் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், விடுமுறை வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கரி மூட்டியதும் சுட ஆரம்பிக்காதீர்கள். முக்கால் மணி நேரம் ஆகட்டும், கரித்துண்டு மேலே சாம்பல் பூத்து வெளுக்க வேண்டும். சுவாலை இருக்கும்போது வைத்தால் வெளியே கருகி உள்ளே வேகாது.

2 கிலோ கோழித் தொடைக்கறிக்கு 200 கிராம் தயிர், 3 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 2 மேசைக்கரண்டி மிளகாய்த் தூள், மஞ்சள், கரம் மசாலா, ஒரு எலுமிச்சை, ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. முதல் நாள் இரவே பிசறி ஃபிரிஜில் வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துப்போங்கள். மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் அதுவே பற்றிக்கொள்ளும். கறியின் நடுப்பகுதி 75 பாகையைத் தொட வேண்டும், ஒரு சின்ன உணவு வெப்பமானி வைத்துக்கொள்வது நல்லது. பச்சைக்கறியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள். சைவர்களுக்குப் பன்னீர், சோளம், குடைமிளகாய் ஆகியவற்றைப் புதிய கம்பிவலையில் முதலில் சுட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

குடிப்பவர்கள் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2015-லிருந்து பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை மது அருந்தத் தடை இருக்கிறது. பூங்காவும் பொது இடம்தான். இடி இடித்தால் தயங்காமல் கூரைக்குக் கீழே போய்விடுங்கள், இங்கே மின்னல் அதிகம்.

சனிக்கிழமையிலிருந்து ஞாயிறுவரை

சனி மாலை புளிக்காய்ச்சல், பார்லி அல்லது பானகம், கடல்பாசி, கோழி பிசறுவது. ஞாயிறு காலை 10 மணிக்குக் காய் நறுக்கி டப்பாக்களில் அடைப்பது. இரண்டு மணிக்குச் சோறு வைத்து, மூன்றரைக்குத் தாளிப்பு முடித்து, 4 மணிக்கு அடுப்பை அணைத்துத் துடைத்துவிடுங்கள். ஐஸ் வாங்க ஒருவரை அனுப்பிவிட்டுக் குளியுங்கள். 5 மணிக்கு வருபவர் கையில் முதலில் நீர்மோர்.

எல்லாரும் கிளம்பும்போது ஒட்டிவைத்த காகிதத்தைப் பாருங்கள். 4 மணி நேரம் தாண்டிய சோற்றை யாருக்கும் கட்டிக் கொடுக்க வேண்டாம், மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். கடல்பாசியும் புளிக்காய்ச்சலும் ஃபிரிஜில் இருந்தவை என்பதால் டப்பாவில் போட்டுத் தரலாம். அடுத்த வாரம் அந்த டப்பா வெறுமனே திரும்பி வராது. எங்கள் மக்சிக் வீட்டிலிருந்து பெரும்பாலும் குவே என்ற மலாய்ப் பலகாரம் வரும்.